டயலைசிஸ் இயந்திரத்துக்கு முன்னரான ஆண்டுகள்: வன்னியில் தவறவிடப்படும் சிறுநீரக அழற்சி

வடக்கில் ஒரு வைத்தியசாலைக்கு டயலைசிஸ் இயந்திரம் வந்தால் அது செய்தியாகிறது. நாடா வெட்டப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. புலம்பெயர்ந்த உறவுகளின் நன்கொடை என்றால் பெயர்ப்பலகையும் வைக்கப்படுகிறது. இயந்திரங்கள் தேவை என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால், அந்த இயந்திரத்தின் அருகே படுத்திருப்பவருக்கு நோய் எப்போது தொடங்கியது என்ற கேள்வியை எங்களுடைய செய்திகளில் நான் அரிதாகவே காண்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது பல ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. அந்த ஆண்டுகளில் ஒரு போத்தல் சிறுநீரும் சில துளி இரத்தமும் பரிசோதிக்கப்பட்டிருந்தால் பலரது கதை வேறாக இருந்திருக்கும்.

சிறுநீரக நோய் பற்றிய எமது பொது உரையாடல் இரண்டு முனைகளில் நிற்கிறது. ஒரு முனையில் காரணம் பற்றிய விவாதம்: தண்ணீரா, உரமா, கிருமிநாசினியா? மறுமுனையில் எத்தனை இயந்திரங்கள், எவ்வளவு கொடுப்பனவு என்ற கணக்கு. இவற்றுக்கு நடுவிலுள்ள நோயறிதலும் ஆரம்ப சிகிச்சையும் பேசப்படுவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோய்களில் கணிசமானவை அழற்சியாகத் தொடங்குபவை. அழற்சியை அடக்கலாம். அது தழும்பாக மாறிய பின்னர் எந்த மருந்தாலும் அந்த இழையத்தை மீட்க முடியாது. இந்தக் கால வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் விடயம். போரின் பின்னரான எங்கள் பிரதேசங்களில் அந்தக் காலம் தவறவிடப்படுவதற்குத் தனியான காரணங்கள் இருக்கின்றன.

அழற்சி எங்கே ஏற்படுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லீற்றர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியதை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வடிகட்டும் பகுதியான மயிர்த்துளைக் குழாய்ப் பந்தைப் பாடப்புத்தகத்தில் கலன்கோளம் என்று படித்திருப்போம். அதிலிருந்து செல்லும் சிறுகுழாய்களே மீள உறிஞ்சும் வேலையைச் செய்கின்றன.

அழற்சி மூன்று வழிகளில் வரலாம். முதலாவது, கலன்கோளத்தில் வருவது. தொண்டையிலோ தோலிலோ கிருமித்தொற்று வந்து போன பின்னர், அதற்கெதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகள் வடிகட்டியில் படிந்து அதைப் புண்ணாக்கலாம். லூபஸ் போன்ற நோய்களில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன்னுடைய இழையங்களையே தாக்குகிறது. லூபஸ் நோயாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதினரே அதிகம். இரண்டாவது, சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் தாக்கும் அழற்சி. சில மருந்துகள், எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள், சில மூலிகைகள் இதை ஏற்படுத்துகின்றன. ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகிய தாவரங்களிலுள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது உலகளவில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. மூன்றாவது, சிறுநீர்ப்பையிலிருந்து பக்றீரியா மேலேறி சிறுநீரகத்தைப் பாதிப்பது. கடும் காய்ச்சலும் நடுக்கமும் விலாப்புற வலியும் இதற்கு அடையாளம்.

முதல் இரண்டு வகைகளும் பெரும்பாலும் வலிப்பதில்லை. சிறுநீர் அதிகமாக நுரைக்கும் அல்லது பால் கலக்காத தேநீரின் நிறத்தில் போகும். காலையில் முகமும் மாலையில் காலும் வீங்கும். குருதி அமுக்கம் கூடும். இவற்றுக்காக வேலையை விட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

போர் விட்டுச்சென்ற உடல்கள்

வன்னியில் எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் பலர். முள்ளந்தண்டுக்கு அருகில், இடுப்பில், தொடையில் இருக்கும் அந்த இரும்புத் துண்டுகள் பாரம் தூக்கும்போதும் வயலில் குனியும்போதும் வலிக்கின்றன. அந்த வலிக்கு நாளாந்த மருந்தாக டைக்ளோபினாக், இபுபுரோபென் போன்ற குளிசைகள் பயன்படுகின்றன. வைத்தியரின் சிட்டை இல்லாமலேயே வாங்கி விழுங்கப்படுபவை அவை.

இந்தக் குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சிலரில் சிறுகுழாய்களைச் சூழ்ந்து அழற்சியையும் ஏற்படுத்துகின்றன. வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாத உடலில் இந்தப் பாதிப்பு கூடுகிறது. குருதி அமுக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அளவோடு எடுத்தால் பரசிற்றமோல் சிறுநீரகத்துக்கு இவற்றைவிடப் பாதுகாப்பானது. ஆனால், நாட்பட்ட காய வலிக்கு அது எல்லோருக்கும் போதாது. அதனால்தான் வலி நிவாரணம் ஒரு வைத்திய சேவையாக அவர்களுக்குக் கிடைக்க வேண்டும், பாமசியோடு முடிந்துவிடக்கூடாது.

அவர்கள் ஏன் கிளினிக்குக்குப் போவதில்லை? வன்னியில் செய்தி சேகரித்த நாட்களில் இரண்டு பதில்களைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒன்று, ஒரு நாள் கூலி போய்விடும் என்பது. மற்றையது தயங்கித் தயங்கி வருவது. வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி, இந்தக் காயம் எப்படி வந்தது என்பதுதான். வைத்தியருக்கு அது நோய்வரலாறு. புனர்வாழ்வு பெற்று வந்த பின்னரும் புலனாய்வுப் பிரிவினரின் விசாரணைகளைச் சந்தித்த முன்னாள் போராளிக்கு அது வேறொரு கேள்வியாகக் கேட்கிறது. மொழி தெரியாத வைத்தியர் முன்னால், பலர் நிற்கும் அறையில் அதற்குப் பதில் சொல்வதைவிட நான்கு குளிசை வாங்குவது அவர்களுக்கு எளிது. சிறுநீரகம் பழுதாவதற்கான காரணங்களில் இந்த அச்சமும் ஒன்று என்பதை எந்த ஆய்வு அட்டவணையிலும் நாம் காணப்போவதில்லை.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. சிறுநீர்ப்பை முழுதாக வெறுமையாகாததாலும் குழாய் பயன்படுத்துவதாலும் தொற்று மீண்டும் மீண்டும் வரும். தேங்கும் சிறுநீர் மேல்நோக்கித் தள்ளப்பட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். காயத்துக்குக் கீழே உணர்வு இல்லாத ஒருவருக்கு விலாப்புற வலியோ எரிவோ தெரியாமல் போகலாம். கலங்கிய, துர்நாற்றமுள்ள சிறுநீர், காய்ச்சல், நடுக்கம், கால்கள் வழமையைவிட அதிகமாக இழுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றையே அடையாளமாகக் கொள்ள வேண்டும். வீட்டில் பராமரிப்பவருக்கு, அது பெரும்பாலும் மனைவி அல்லது தாய், இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வைக்கப்பட்டிருந்தனர். முகாம் வாழ்வை அறிந்தவர்களுக்குச் சொறியும் சிரங்கும் புதியவை அல்ல. தோலில் வரும் ஒருவகை பக்றீரியாத் தொற்றுக்குப் பின்னர் 3 முதல் 6 வாரங்களில் பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி வரலாம். பெரும்பாலான பிள்ளைகள் முற்றாகக் குணமடைவார்கள். சிலருக்குப் பிற்காலத்தில் குருதி அமுக்கமோ சிறுநீரில் புரதக் கசிவோ எஞ்சலாம். அன்று சிறுவராக இருந்து, முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துப்போன நினைவு உள்ளவர்கள் இன்று வளர்ந்தவர்கள். ஒரு தடவையாவது குருதி அமுக்கத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

வயலும் காய்ச்சலும்

2024 நவம்பர் வெள்ளத்தின் பின்னர், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சில நாட்களுக்குள் பலர் காய்ச்சலால் இறந்தனர். அது எலிக்காய்ச்சல் எனப் பின்னர் உறுதியானது. எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியாக உட்புகும் இந்தப் பக்றீரியா சிறுநீரகச் சிறுகுழாய்களில் திடீர் அழற்சியை ஏற்படுத்துகிறது. ஆரம்பத்திலேயே டொக்சிசைக்கிளின் அல்லது பெனிசிலின் வகை மருந்து கிடைத்தால் பெரும்பாலானோர் தப்புகின்றனர். வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்வது இங்கே ஒரு பரிசோதனைக்குச் சமன்.

இதற்கு அப்பால் நிற்கிறது காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட இந்த நோய் நீரிழிவோ குருதி அமுக்கமோ இல்லாத விவசாயிகளைத் தாக்கியது. உலக சுகாதார ஸ்தாபனமும் சுகாதார அமைச்சும் இணைந்து அநுராதபுரம், பொலநறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வில், வயது வேறுபாட்டைச் சரிசெய்த கணக்கின்படி, ஆண்களில் 12.9 வீதமானோருக்கும் பெண்களில் 16.9 வீதமானோருக்கும் நோய் இருந்தது. முற்றிய நிலை ஆண்களிடமே அதிகம் காணப்பட்டது. வன்கனிம நீர், புளோரைட், கட்மியம், விவசாய இரசாயனங்கள், வெப்பமும் நீரிழப்பும் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்றும் தனித்து நிரூபிக்கப்படவில்லை. எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதை ஒத்த நோய் இருப்பதால், வெயிலில் உழைக்கும் ஏழைகளின் நோய் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இந்த நோயின் இழையப் பரிசோதனைகளில் சிறுகுழாய்களைச் சூழ்ந்த தழும்பும் அழற்சியுமே தெரிகின்றன. இலங்கை ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று, முதுகுவலி, காய்ச்சல், சிறுநீர் எரிவு போன்ற அறிகுறிகளோடு ஆரம்பத்தில் வந்தவர்களிடம் திடீர் அழற்சியைக் கண்டது. பிற்கால நாட்பட்ட நோய் இந்த அழற்சியின் விளைவாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. அது சரியானால், மூலகாரணம் தெரியாமலேயே தலையிடக்கூடிய ஒரு காலம் இருக்கிறது என்று பொருள்.

இது "ரஜரட்ட நோய்" என்றே நாட்டில் அறியப்பட்டது. அரசியல் கவனமும் அங்கேயே குவிந்தது. சீன உதவியில் கட்டப்பட்ட தேசிய சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021 ஜூனில் பொலநறுவையில் திறக்கப்பட்டது. அந்த மக்களுக்கு அது உரியது, அதில் குறைகாண எதுவுமில்லை. ஆனால், மாகாண எல்லை நிலத்தடி நீருக்குத் தெரியாது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களும் பாதிக்கப்பட்டவற்றில் அடங்கும். செட்டிகுளத்திலும் நெடுங்கேணியிலும் வெலிஓயாவிலும் கிணறு வைத்திருப்பவர்கள் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று நோய் பார்ப்பதில்லை. கணக்கெடுப்பும் வளங்களும் அப்படிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மலிவான பரிசோதனை, ஏமாற்றும் எண்

முதல் பரிசோதனை யூ.எஃப்.ஆர். எனப்படும் முழுச் சிறுநீர்ப் பரிசோதனை. புரதமும் செங்குருதிக் கலங்களும் இருந்தால் வடிகட்டியில் சேதம் இருக்கலாம். அடுத்து, சிறுநீரில் அல்புமின், கிரியற்றினின் விகிதம். இரத்தத்தில் கிரியற்றினின். அதிலிருந்து கணிக்கப்படும் வடிகட்டல் வீதம் 60 இற்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோய். ஸ்கான் மூலம் சிறுநீரகத்தின் பருமனும் அடைப்புகளும் தெரியும். என்ன வகை அழற்சி என்பதை உறுதிசெய்வது, ஊசியால் ஒரு சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் இழையப் பரிசோதனை.

இவற்றில் சிறுநீரைப் பார்க்காமல் கிரியற்றினினை மட்டும் நம்புவது ஆபத்து. சிறுநீரகத்தின் ஏறத்தாழ அரைவாசித் திறன் போகும்வரை அந்த எண் சாதாரணமாகவே இருக்கலாம். எமது மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. கால் இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், போசாக்கின்றி மெலிந்தவர் ஆகியோரிடம் தசை குறைவு. அதனால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் நன்றாகத் தெரியும். "ரிப்போட் நோர்மல்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர் உண்மையில் நோயாளியாக இருக்கலாம். அவர்களில் சிறுநீர்ப் புரதத்தையும், வசதியுள்ள இடத்தில் சிஸ்ரற்றின்-சி என்ற இரத்தப் பரிசோதனையையும் பார்க்க வேண்டும். போரில் காயமுற்றவர்களுக்கென்று தனியான கவனம் தேவை என்று நான் சொல்வது அனுதாபத்துக்காக மட்டும் அல்ல. வழமையான அளவுகோலே அவர்களின் உடலைத் தவறாக அளக்கிறது.

எவற்றைக் குணப்படுத்தலாம்?

மருந்தால் வந்த அழற்சி, அந்த மருந்தை உரிய நேரத்தில் நிறுத்தினாலே பலரில் தணிகிறது. சிலருக்குக் குறுகிய கால ஸ்டீரொயிட் தேவைப்படும். மேலேறிய தொற்றுக்குச் சிறுநீர்க் கல்ச்சர் முடிவுக்கேற்ற அன்டிபயோட்டிக் முழு நாட்களுக்கும் எடுக்கப்பட வேண்டும், அடைப்பு இருந்தால் நீக்கப்பட வேண்டும். லூபஸ் போன்றவற்றுக்கு ஸ்டீரொயிட்டுடன் மைக்கோபினோலேற் அல்லது சைக்குளோபொஸ்பமைட் கொடுக்கப்படுகிறது. சைக்குளோபொஸ்பமைட் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும், மைக்கோபினோலேற் எடுக்கும்போது கருத்தரிக்கக்கூடாது. இளம்பெண்களுக்கு இவை முன்கூட்டியே அவர்களின் மொழியில் விளக்கப்பட வேண்டும். ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, இத்தகைய நோயாளர்களுக்குத் தட்டுப்பாடு என்றால் என்ன என்பது தெரிந்தது.

சில வகை அழற்சிகள் சில வாரங்களிலேயே சிறுநீரகத்தை முடித்துவிடும். அங்கே இழையப் பரிசோதனைக்கான தாமதம் நோயாளியின் சிறுநீரகத்தால் செலுத்தப்படும் விலை. அந்தப் பரிசோதனையைச் செய்யவும் வாசிக்கவும் தெரிந்த நிபுணர்கள் பெரிய வைத்தியசாலைகளிலேயே இருக்கிறார்கள்.

நாட்பட்ட நிலையில், எந்தக் காரணமாக இருந்தாலும், வேகத்தைக் குறைக்க வழியுண்டு. குருதி அமுக்கத்தைக் கட்டுப்படுத்துதல், உப்பைக் குறைத்தல், புகைத்தலை விடுதல் ஆகியவை அடிப்படை. இலோசாட்டன், எனலபிரில் போன்ற மருந்துகள் புரதக் கசிவைக் குறைக்கின்றன. கர்ப்ப காலத்தில் இவை கூடாது. நீரிழிவு மருந்தாக வந்த டபாகிளிபுளோசின் வகை, நீரிழிவு இல்லாத பல சிறுநீரக நோயாளர்களிலும் பாதிப்பைத் தாமதப்படுத்துவது அண்மைய ஆண்டுகளில் நிரூபணமாகியுள்ளது. இவை எல்லாம் கைவிட்ட பின்னரே வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 4 மணித்தியாலம் என்ற டயலைசிஸ் வாழ்வு. நெடுங்கேணியிலிருந்தோ முத்தையன்கட்டிலிருந்தோ பஸ்ஸில் போய்வரும் ஒருவருக்கு அது முழு நாள். கூட வருபவரின் நாளும் அதில் போகிறது.

கேட்க வேண்டியவை

அஸ்வெசும திட்டத்தில் சிறுநீரக நோயாளர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டியதே. எனினும் அது நோய் முற்றியவர்களுக்கான உதவி. முற்றாமல் தடுப்பதற்கு நாம் கேட்க வேண்டியவை இதைவிடச் சிறியவை.

பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் ஆண்டுக்கொரு தடவை கிராமத்துக்கே வந்து குருதி அமுக்கமும் சிறுநீரும் பார்க்கும் ஏற்பாடு. கூலி இழக்காமல் வரக்கூடிய மாலை நேரக் கிளினிக். முடிவைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் துண்டு. போர்க்காயம் உள்ளவர்களுக்கு மறைவான அறையில், காயத்தின் கதையைக் கேட்காமல் காயத்தின் இடத்தையும் குளிசையின் பெயரையும் மட்டும் கேட்கும் நடைமுறை. அவர்களுக்கான முறையான வலி நிவாரண சேவை. சிட்டையின்றி வலி மாத்திரை விற்பதைக் கட்டுப்படுத்துவது இதற்குப் பின்னரே நியாயமாகும்.

புலம்பெயர் அமைப்புகளிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த இயந்திரத்துக்கு நிதி சேர்க்கும்போது, அதில் ஒரு பங்கைச் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டிகளுக்கும் கிராமங்களுக்குச் செல்லும் தாதியரின் போக்குவரத்துக்கும் ஒதுக்குங்கள். அதற்குத் திறப்பு விழா இருக்காது. ஊடகங்களில் படமும் வராது. ஆனால், இயந்திரத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை குறையும்.

வாசிப்பவர்களிடமும் ஒன்று. உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நீரிழிவு, குருதி அமுக்கம், போர்க்காயம், நெடுநாள் வலிக் குளிசை, எலிக்காய்ச்சல், வயல் வேலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேளுங்கள்: என் சிறுநீரில் புரதம் போகிறதா? பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கேளுங்கள்.